காரங்காடு: ஆறு கடலைத் தொடும் இடத்தில் ஒரு பாடம்

(சிவில் இறுதியாண்டு மாணவன்)



இராமநாதபுரம் மாவட்டத்துக்காரன் என்று வெளியூரில் போய்ச் சொல்லிப் பாருங்கள். "தண்ணியில்லாக் காடாச்சே!" என்பார்கள். நம்ம ஊரில் ஆறு இருக்கிறது, ஆற்றங்கரையில் காடு இருக்கிறது, அந்தக் காட்டுக்குள் படகு போகிறது என்றால் சிரிப்பார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன பயன்? நாமே அதை நம்புவதில்லையே! லீவு விட்டால் குற்றாலம், கொடைக்கானல் என்று கிளம்புகிறோம். கையில் காசு கம்மியாக இருந்தால் பாம்பன் பாலம், தனுஷ்கோடி. பாலத்தைப் பார்க்க வேண்டியதுதான். 1914-ல் திறந்த பழைய ரயில் பாலமும், 2025 ஏப்ரலில் திறந்த புதிய தூக்குப் பாலமும் சிவில், மெக்கானிக்கல் மாணவர்களுக்குக் கோயில் மாதிரி. ஆனால் பாலத்தைப் பார்த்த கண்ணோடு வடக்கே திரும்பி, அதே பாக் நீரிணைக் கரையில் பஸ்ஸில் போனால் இன்னொரு என்ஜினியரிங் வேலை நடந்துகொண்டிருக்கிறது. அதற்கு காண்ட்ராக்டர் கிடையாது, டெண்டர் கிடையாது. அதைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

அந்த இடத்தின் பெயர் காரங்காடு. இராமநாதபுரத்திலிருந்து தொண்டி போகும் கிழக்குக் கடற்கரைச் சாலையில் தேவிபட்டினம், திருப்பாலைக்குடி, உப்பூர் எல்லாம் தாண்டி, தொண்டிக்கு முன்னாலேயே வருகிற மீனவ ஊர். மெயின் ரோட்டிலிருந்து கிழக்கே கடலைப் பார்த்து உள்ளே போக வேண்டும். மதுரையிலிருந்து காலையில் கிளம்பினால் மாலையில் வீடு திரும்பிவிடலாம். இவ்வளவு பக்கத்தில் இருந்தும் மதுரைக்காரர்களில் பாதிப் பேருக்கு இந்தப் பெயர் தெரியாது. வனத்துறையும் ஊர் மக்களும் சேர்ந்து சூழல் சுற்றுலா நடத்துகிறார்கள். ஊர்க்காரர்களே படகு ஓட்டுகிறார்கள், ஊர்ப் பெண்கள் நண்டும் மீனும் சமைத்துப் போடுகிறார்கள். படகு கால்வாய்க்குள் நுழைந்ததும் இரண்டு பக்கமும் பச்சைச் சுவர். கொக்கு, நீர்க்காகம், மீன்கொத்தி. வெளியே நம்ம மாவட்டத்து வெயில் தகதகவென்று அடிக்க, உள்ளே மட்டும் வேறு ஊர்.

அந்தப் பச்சைச் சுவர்தான் அலையாத்திக் காடு. மாங்குரோவ் என்று பாடப்புத்தகத்தில் படித்திருப்போம். அலையை ஆற்றுவதால் அலையாத்தி. பேர் வைத்தவர்கள் டிப்ளமோ படித்தவர்கள் இல்லை, ஆனால் அந்த மரம் செய்யும் வேலையைப் பேரிலேயே எழுதி வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

முதலில் ஆற்றைப் பார்ப்போம். காரங்காட்டில் கடலைத் தொடுவது கோட்டக்கரை ஆறு. வைகை மாதிரி மலையில் பிறந்த ஆறு இல்லை இது. சிவகங்கைப் பக்கத்துச் சமவெளியில் பெய்கிற மழைதான் இதற்கு மூலதனம். வழியில் கண்மாய்களை நிரப்பிக்கொண்டே வந்து, ஆர்.எஸ்.மங்கலம் பெரிய கண்மாய்க்கும் தண்ணீர் கொடுக்கிறது. "நாரை பறக்காத நாற்பத்தெட்டு மடை" என்று பெரியவர்கள் சொல்வது அந்தக் கண்மாயைத்தான். ஒரே மூச்சில் நாரை பறந்து கடக்க முடியாத அளவு நீளமான கரையாம்! அந்தக் கண்மாய்கள் எல்லாம் நிறைந்து, மறுகால் போய், மிச்சம் இருந்தால்தான் கடலுக்கு. வைகைக்கும் இதே கதைதான். 258 கிலோமீட்டர் ஓடி வந்து இராமநாதபுரம் பெரிய கண்மாயில் அடங்கிவிடும். மிச்சப்பட்ட வருடத்தில் ஆற்றங்கரை என்ற ஊருக்குப் பக்கத்தில் கடலைப் பார்க்கும். நம் மாவட்டத்தின் ஆண்டு சராசரி மழை 800 மில்லிமீட்டரை ஒட்டியது. அதிலும் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவத்தில் கொட்டிவிட்டுப் போய்விடும். ஆகவே காரங்காட்டு முகத்துவாரத்துக்கு நல்ல தண்ணீர் வருவது வருடத்தில் சில வாரங்கள்தான். மற்ற நாளெல்லாம் கடல்தான் உள்ளே வந்து போகிறது.

இப்போது ஹைட்ராலிக்ஸ் பாடத்தை ஞாபகப்படுத்திக்கொள்ளுங்கள். ஓடுகிற தண்ணீரின் வேகம் குறைந்தால் வண்டல் படியும். கால்வாயில் செடி கொடி இருந்தால் மேனிங் சூத்திரத்தில் வருகிற 'என்' மதிப்பு கூடும், வேகம் குறையும். பரீட்சைக்காக மனப்பாடம் செய்த விஷயம் இது. காரங்காட்டில் அதைக் கண்ணால் பார்க்கலாம். மரத்தைச் சுற்றிச் சேற்றிலிருந்து பென்சில் பென்சிலாக ஆயிரக்கணக்கில் குச்சிகள் நட்டுக்கொண்டு நிற்கின்றன. அவை வேர்கள்! தண்ணீர் அவற்றுக்குள் புகுந்து வரும்போது வேகம் இழந்து, சுமந்து வந்த மண்ணை இறக்கி வைத்துவிடுகிறது. இன்னொரு காரியமும் நடக்கிறது. களிமண் துகள்கள் ஒரே மின்சுமை கொண்டவை, ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நல்ல தண்ணீரில் மிதந்தபடியே இருக்கும். உப்புத் தண்ணீரில் கலந்ததும் அந்தத் தள்ளுவிசை அடங்கி, ஒன்றோடொன்று ஒட்டிக் கனத்துக் கீழே இறங்கும். குடிநீர் சுத்திகரிப்பில் படிகாரம் போடுகிறோமே, அதே கதை. ஆறு கொண்டுவரும் மண்ணைக் கடல் படிய வைக்கிறது, மரம் அதைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. இப்படித்தான் கரை உருவாகிறது.

அந்தக் குச்சிகளுக்கு மூச்சுவேர் என்று பெயர். சேற்றுக்குள் காற்று கிடையாது. ஆக்சிஜன் இல்லாத இடத்தில் நுண்ணுயிர்கள் வேலை செய்து ஹைட்ரஜன் சல்பைடு வாயுவை உண்டாக்கும். அதனால்தான் சேற்றைக் கிளறினால் அழுகின முட்டை நாத்தம் அடிக்கிறது. (பாதாளச் சாக்கடைக் குழாயின் மேல்பகுதி கான்கிரீட்டை அரித்துத் தின்பதும் இதே வாயுவிலிருந்து உண்டாகும் அமிலம்தான். சானிட்டரி என்ஜினியரிங் பேப்பரில் அடிக்கடி வருகிற கேள்வி.) இந்த மூச்சு முட்டுகிற சேற்றுக்குள் இருக்கும் வேருக்குக் காற்றுக் கொண்டுபோக, மரம் மேல்நோக்கி வேரை அனுப்புகிறது. தண்ணீர் வற்றும்போது அந்த வேரிலுள்ள துளைகள் வழியாகக் காற்று உள்ளே போகும்.

இதை வீட்டில் சொன்னேன். எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான். என்ன படிக்கிறேன் என்று கேட்டால் சொல்லிப் புரியவைப்பது எனக்கு எப்போதும் பெரும்பாடு. அப்பா சீமைக்கருவேல் வெட்டி மூட்டம் போட்டுக் கரி எடுக்கிறவர். செப்டிக் டேங்குக்கு வைக்கும் காற்றுக் குழாய் மாதிரி என்று உதாரணம் சொன்னேன். எங்கள் வீட்டில் செப்டிக் டேங்க் கிடையாது, அதனால் எடுபடவில்லை. ஆனால் அவரே யோசித்து, "மூட்டத்துல ஓட்ட போட்டு விடுவோமே, அது மாதிரியாடா?" என்றார். அதே மாதிரிதான். மண் பூசி மூடிய மூட்டத்தில் எந்தப் பக்கம், எத்தனை துளை, எப்போது திறக்க, எப்போது அடைக்க என்பதில்தான் கரி கரியாக வருமா, சாம்பலாகப் போகுமா என்பது இருக்கிறது. காற்றை அளந்து விடுகிற தொழில். நான் மூன்று வருடமாகப் படிப்பதில் அப்பாவுக்கும் பங்கு இருக்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது.

கரி என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். சீமைக்கருவேலை எல்லோரும் திட்டுகிறோம். நிலத்தைக் கெடுத்தது, கண்மாயை அடைத்தது என்பதெல்லாம் சரிதான். ஆனால் இந்தக் கடற்கரை ஊர்களில் அடுப்பெரிக்க அந்த விறகு தாராளமாகக் கிடைத்திருக்காவிட்டால், அலையாத்தி மரங்கள்தான் அடுப்புக்குள் போயிருக்கும் என்பது என் கணிப்பு. கெட்ட பேர் வாங்கிய ஒரு மரம் நல்ல மரத்தைக் காப்பாற்றியிருக்கிறது!

இனி உப்பு விஷயம். ஒரு லிட்டர் கடல் தண்ணீரில் சுமார் 35 கிராம் உப்பு இருக்கிறது. நம் வயலில் பாய்ச்சினால் நெல் அன்றைக்கே செத்துப்போகும். காரங்காட்டில் பெரும்பான்மையாக இருக்கும் மரம் அவிசென்னியா மரினா, நாம் வெண்கண்டல் என்கிறோம். அது இந்தத் தண்ணீரில்தான் நிற்கிறது. எப்படி? உப்பின் பெரும்பகுதியை வேரே உள்ளே விடுவதில்லை. அதையும் மீறி வந்ததை இலையிலுள்ள சுரப்பிகள் வெளியே தள்ளுகின்றன. வெயில் நேரத்தில் இலையைத் தடவினால் கையில் உப்புப் பொடி ஒட்டும், நாக்கில் வைத்தால் கரிக்கும். வேரில் நடப்பது ஏறக்குறைய ஆர்.ஓ. பிளான்ட் வேலை. நம் மாவட்டத்தில் நரிப்பையூரில் கடல்நீரைக் குடிநீராக்க அப்படி ஒரு நிலையம் அமைத்தார்கள். கடல்நீரின் சவ்வூடு பரவல் அழுத்தம் சுமார் 25 வளிமண்டலம். அதற்கும் மேலே பம்பு தள்ளினால்தான் உப்பைப் பிரித்து நல்ல தண்ணீர் எடுக்க முடியும். அதற்கு எவ்வளவு கரண்டு ஆகும் என்று எலக்ட்ரிக்கல் நண்பர்களைக் கேளுங்கள். மரத்துக்கு மோட்டார் இல்லை. இலையில் தண்ணீர் ஆவியாகும்போது உண்டாகும் இழுவிசை கீழே வேர்வரை போய் அந்த வேலையைச் செய்துவிடுகிறது. வெயிலே பம்பு!

இவ்வளவு சாமர்த்தியம் இருந்தும் அலையாத்திக்கு உப்பு பிடிக்கும் என்று நினைத்துவிடக் கூடாது. தாங்கிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆற்றுத் தண்ணீரும் கடல் தண்ணீரும் கலந்த இடத்தில்தான் நன்றாக வளரும். உப்பு ஏற ஏற மரம் குட்டையாகும், விதை முளைப்பது குறையும். படகு ஓட்டிய அண்ணனிடம், "ஏண்ணே, இந்தப் பக்கம் மரம் உசரமா இருக்கு, அந்தப் பக்கம் கட்டையா இருக்கு?" என்று கேட்டேன். அவர் சொன்னார்: "தம்பி, எல்லாம் நல்ல தண்ணி வந்து போற வழியப் பொறுத்தது. மழை நல்லாப் பேஞ்சு கம்மா மறுகால் போனாத்தான் இங்கிட்டு ஆத்துத் தண்ணி வரும். அந்த வருசம் எறாலும் நல்லாப் படும், மரமும் தெளிஞ்சு நிக்கும்."

ஒரு செமஸ்டர் பாடத்தை அவர் மூன்று வரியில் முடித்துவிட்டார். இதில்தான் சிக்கலும் இருக்கிறது. மேலே இருக்கும் விவசாயி, "ஆத்துத் தண்ணி கடல்ல போயி வீணாகுது, தடுத்துக் கட்டுங்க" என்று கேட்கிறார். வானம் பார்த்த பூமியில் அப்படிக் கேட்பது நியாயம்தான். கீழே இருக்கும் மீனவருக்கு அது வீணாகப் போகிற தண்ணீர் இல்லை. இறால் குஞ்சும் நண்டுக் குஞ்சும் வளர்வது அந்தக் கலப்புத் தண்ணீரில், இந்த வேர்களுக்கு நடுவில். தடுப்பணைக்கு எஸ்டிமேட் போடப் போவது நாம்தான். கண்மாய் எவ்வளவு கொள்ளும், மடை எவ்வளவு விடும் என்று கணக்குப் போடக் கற்றுக்கொடுக்கிறார்கள். கடலுக்கு எவ்வளவு விட வேண்டும் என்பதற்கு நம் எஸ்டிமேட் ஷீட்டில் ஒரு வரி கூட இல்லை. அந்த வரி வேண்டும் என்பது என் கருத்து. ஆசிரியர்கள் மாறுபடலாம்.

தண்ணீர் ஓட்டம் நின்றால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டிலேயே பாடம் இருக்கிறது. சிதம்பரம் பக்கத்தில் பிச்சாவரம், திருவாரூர் மாவட்டத்தில் முத்துப்பேட்டை. வெள்ளைக்காரன் காலத்திலிருந்து அங்கே பகுதி பகுதியாக மரத்தை மொட்டையடித்து வெட்டினார்கள், தானாக முளைத்துவிடும் என்ற நம்பிக்கையில். முளைக்கவில்லை. நிழல் போனதும் சேறு காய்ந்தது, காய்ந்த சேறு அமுங்கியது, தரை தொட்டி மாதிரிக் குழிந்தது. உள்ளே வந்த கடல் தண்ணீர் வெளியே போக வழியில்லாமல் தேங்கி, ஆவியாகி, உப்பு ஏறிக்கொண்டே போனது. உப்பளம் மாதிரி ஆன இடத்தில் எந்த விதை முளைக்கும்? எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனமும் வனத்துறையும் ஊர் மக்களோடு சேர்ந்து அதைச் சரிசெய்த விதம்தான் நமக்குப் பாடம். உரம் போடவில்லை, மருந்து அடிக்கவில்லை. கால்வாய் வெட்டினார்கள்! இயற்கையாக ஓடும் ஓடையிலிருந்து ஒரு பெரிய கால்வாய், அதிலிருந்து இரண்டு பக்கமும் சாய்வாகப் பிரியும் சிறு கால்வாய்கள். மேலிருந்து பார்த்தால் மீன் முள் மாதிரி இருக்கும். கடல் ஏறும்போது தண்ணீர் உள்ளே போய், வற்றும்போது உப்பைக் கழுவிக்கொண்டு வெளியே வந்துவிடும். கால்வாயின் குறுக்குவெட்டு, நாம் போர்டில் வரைகிற அதே சரிவகம். அதன் சரிவில் கன்று நட்டார்கள், காடு திரும்பி வந்தது.

இங்கே லெவலிங் எவ்வளவு முக்கியம் என்பதைக் கவனியுங்கள். பாக் நீரிணை ஆழமில்லாத கடல், ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வித்தியாசம் ஒரு மீட்டர்கூடக் கிடையாது. அந்தச் சின்ன வித்தியாசத்துக்குள்தான் தண்ணீர் உள்ளே வரவும் வேண்டும், வெளியே போகவும் வேண்டும். கால்வாய்த் தரையை அரையடி தப்பாக வெட்டினால் போச்சு, ஒன்று தண்ணீர் ஏறாது, இல்லையென்றால் வடியாது. வெயிலில் ஸ்டாஃப் பிடித்து நிற்கும்போது "இது எதுக்குடா" என்று முணுமுணுக்கிற நண்பர்களின் கவனத்துக்கு.

2004 டிசம்பர் 26 சுனாமியின்போது பிச்சாவரம் காட்டுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் பாதிப்பு குறைவாக இருந்ததை எல்லோரும் பேசினார்கள். அதன் பிறகுதான் அலையாத்திக்கு மதிப்பே வந்தது. நம்ம கடற்கரைக்கும் பழைய காயம் உண்டு. 1964 டிசம்பர் புயலில் தனுஷ்கோடி போனது, ரயில் போனது, பாம்பன் பாலத்தின் கர்டர்கள் போயின. காடு இருந்தால் அவ்வளவு பெரிய புயலைத் தடுத்துவிடும் என்று நான் சொல்ல வரவில்லை. அப்படிச் சொல்கிறவர்களை நம்பாதீர்கள். ஆனால் வாடைக்காலத்தில் தினம் தினம் கரையைக் கரைக்கிற சாதாரண அலைக்கு, கருங்கல் கொட்டுவதைவிட இது மலிவு. கல் வருடா வருடம் உள்ளே இறங்கும், மரம் வருடா வருடம் உயரும்.

சட்டமும் காட்டின் பக்கம் இருக்கிறது. 1991-ல் வந்த கடலோர ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கை முதற்கொண்டு அலையாத்திக்கு உயர்ந்த பாதுகாப்பு. இறால் பண்ணைகள் கடற்கரையெங்கும் பெருகிய நாளில், சர்வோதயத் தலைவர் எஸ்.ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் அவற்றுக்குக் கடிவாளம் போட்டது. இருந்தும் இந்திய வன நிலை அறிக்கை 2021-ன் கணக்குப்படி நாட்டின் 4,992 சதுர கிலோமீட்டர் அலையாத்திக் காட்டில் தமிழ்நாட்டின் பங்கு வெறும் 45. ஆயிரம் கிலோமீட்டர் கடற்கரை வைத்துக்கொண்டு நம்மிடம் இருப்பது அவ்வளவுதான். அதில் ஒரு சின்னத் துண்டுதான் காரங்காடு.

நம் மாவட்டத்தைப் பற்றி நல்ல செய்தியும் சொல்ல வேண்டும். சித்திரங்குடி, கஞ்சிரங்குளம் சரணாலயங்கள் 2022-லும், சக்கரக்கோட்டை, தேர்த்தங்கல் 2025-லும் ராம்சர் பட்டியலில் சேர்ந்தன. "தண்ணியில்லாக் காட்டில்" உலகம் மதிக்கும் ஈர நிலங்கள்! எல்லாம் கண்மாய்கள், அதாவது மனுஷன் வெட்டியவை. காரங்காட்டுக் காடு தானாக வந்தது.

போகிறவர்களுக்குச் சில வார்த்தை. கும்பலாக ஸ்பீக்கர் பெட்டி தூக்கிக்கொண்டு போகாதீர்கள், பறவை ஒன்றுகூட மிச்சம் இருக்காது. தண்ணீர் வற்றிக் கிடந்தால் படகு உள்ளே போகாது, முதல் நாளே கேட்டுக்கொள்ளுங்கள். மழைக்காலம் முடிந்து ஜனவரி, பிப்ரவரியில் போனால் பறவையும் இருக்கும், வெயிலும் தாங்கும். மூச்சுவேர் நிற்கும் சேற்றில் இறங்காதீர்கள், வெறுங்காலில் குத்திவிடும், மிதித்தால் வேரும் ஒடியும்.

அடுத்த வருடம் ப்ராஜெக்ட் எடுக்கப் போகும் ஜூனியர் தம்பி தங்கைகளுக்கு ஒரு யோசனை. நம் லேபில் சில்வர் நைட்ரேட், பொட்டாசியம் குரோமேட் இரண்டும் இருக்கின்றன, குளோரைடு டெஸ்ட் எல்லோருக்கும் தெரியும். காரங்காட்டுக் கால்வாயின் வாயில் ஒன்று, நடுவில் ஒன்று, ஆற்றுப் பக்கம் ஒன்று என்று மூன்று இடத்தில் மாதம் ஒருமுறை பாட்டிலில் தண்ணீர் எடுங்கள். வனத்துறையிடம் அனுமதிக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். ஒவ்வொரு முறையும் தண்ணீர் ஏறுகிறதா வற்றுகிறதா என்று நேரத்தோடு குறித்து வையுங்கள், இல்லாவிட்டால் எண்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போகாது. அந்த மாதம் ஆர்.எஸ்.மங்கலம் கண்மாய் மறுகால் போனதா என்று நீர்வளத் துறையில் கேட்டு, பக்கத்துக் கட்டத்தில் எழுதுங்கள். கடல் தண்ணீரை அப்படியே டைட்ரேஷன் செய்தால் சில்வர் நைட்ரேட் கட்டுப்படியாகாது, நூறு மடங்கு நீர்த்துக்கொள்ளுங்கள். பாட்டிலை முதலில் அதே தண்ணீரில் இரண்டு தடவை அலசிவிட்டுப் பிறகு நிரப்புங்கள்.